எட்டு மூடி

என்னிடம் பொறியியல் பட்டம் இருக்கிறது. நான்கு வருடம் கணக்குப் பரீட்சை எழுதி வாங்கிய பட்டம். மேலூருக்குப் பக்கத்தில் நாற்பது செண்ட் வயலும் இருக்கிறது. அதில் விளையும் நெல்தான் அம்மாவுக்கும் எனக்கும் வருடம் முழுக்கச் சோறு.

போன வருடம் நடவு முடிந்து இருபதாம் நாள், அம்மா களை மருந்து அடிக்கக் கிளம்பினாள். பாட்டில் மூடிதான் அவளுக்கு அளவு. முதுகில் மாட்டும் டேங்குக்கு இரண்டு மூடி ஊற்றுவாள். வேலை கிடைக்காத எரிச்சலில் வரப்பில் நின்றிருந்த எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பாட்டிலைப் பிடுங்கிப் படித்தேன். ஏக்கருக்கு இருநூறு மில்லி என்று போட்டிருந்தது. செல்போனில் தட்டிப் பார்த்தேன். நாற்பது செண்டுக்கு எண்பது மில்லி வந்தது. மூடி பத்து மில்லி பிடிக்கும்.

“டேங்குக்கு எட்டு மூடிம்மா,” என்றேன்.

“ஆத்தி, எட்டா? நான் எப்பவும் ரெண்டுதான ஊத்துவேன்?”

“அதான் களை சாக மாட்டேங்குது. ஒனக்கு என்ன தெரியும்?”

அம்மா எட்டெட்டு மூடியாக ஊற்றி நான்கு டேங்க் அடித்து முடித்தாள்.

நான்கு நாளில் பயிர் மஞ்சளானது. பத்தாம் நாள் வயலே கருகிக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்பது மில்லி என்பது மொத்த வயலுக்கும், நான்கு டேங்குக்கும் சேர்த்து. நாலால் வகுத்திருந்தால் டேங்குக்கு இருபது மில்லி, அதே இரண்டு மூடி. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வெட்கத்தில் அழுகைகூட வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, “சரி, விடு” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்றார். “என்னத்தா, பயிரு இப்படிக் கெடக்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “நாந்தேண்ணே மருந்தக் கூட ஊத்திப்புட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவதான. பாப்பா அளவாத்தேன் ஊத்தச் சொன்னுச்சு.”

“படிச்ச புள்ள சொன்னாக் கேக்க வேணாமா?” என்று அவர் அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இதை எழுதும்போது அடுப்பில் ரேஷன் அரிசி கொதிக்கிறது. அவரிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.