பிரிக்காத பொட்டணம்

எங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்கும்போது இரண்டு பொட்டணம் மடிப்பார்கள். ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. எது எதுவென்று வெளியே தெரியாதபடி வாழைச் சருகில் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, பித்தளைத் தட்டில் போட்டுக் குலுக்கி அம்மன் காலடியில் வைப்பார்கள். நினைத்த காரியத்தைச் சொல்லி வேண்டிக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுத்த பொட்டணத்தைப் பூசாரி எல்லோர் முன்னாலும் பிரிப்பார். எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். பிரிப்பது அம்மனை எதிர்த்துக் கேள்வி கேட்பதாகும் என்பார்கள். அது அப்படியே கோயில் கிணற்றுத் தண்ணீருக்குப் போய்விடும். அந்த இரண்டாவது பொட்டணத்தின் நினைப்பு இந்த வயதிலும் என்னை விடுவதில்லை.

பொட்டணம் மடிப்பது வீட்டின் மூத்த மருமகளின் வேலை. எங்கள் வீட்டில் அது அக்கா. அக்கா என்று நான் சொல்வது என் ஓரகத்தியை, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவள் சூரமங்கலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்த்தவர். எதையும் ஏன், எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவது அவளுக்கு அங்கே வந்த பழக்கம். பால் திரிந்தால்கூடக் கண்ணேறு என்று விடமாட்டாள். பாத்திரத்தை மோந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை. அவளைக் கட்டிய பெரிய மச்சாண்டாரோ நேர்மாறு. காளை மாட்டை விற்றுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிற மனுசன். ஆம்பளைக்குப் புத்தி, பொம்பளைக்கு மனசு என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். எங்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்து பார்த்திருந்தால் அப்படிப் பேச வாய் வந்திருக்காது.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்துப் பொய்த்துக் கிணறுகள் எல்லாம் வற்றிப்போயின. எங்கள் கிணற்றில் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. மச்சாண்டார் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவது என்று கிளம்பினார். வெடி வைத்துக் கல் உடைக்கும் ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்களோடு தானும் தினம் கீழே இறங்கினார். அது அவருடைய அப்பா கையால் தோண்டிய கிணறு. அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தோண்டலாம் என்று யாராவது சொன்னால், பெற்றவரைத் தெருவில் விடச் சொன்ன மாதிரி முகம் சிவந்துவிடும்.

அக்காதான் முதலில் அந்த விரிசலைப் பார்த்தாள். கிணற்றின் கிழக்குக் கரையில், மேட்டில் இருந்த மோட்டார் ரூம் சுவரில் மயிரிழையாக ஒரு கோடு. அவள் பையன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நீளமாக நறுக்கி, சோற்றுப் பசை தடவி விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிவைத்தாள். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும், நகராவிட்டால் கிழியாது. அவளுடைய அப்பா பழைய ரயில்வே கட்டடங்களில் அப்படித்தான் பார்ப்பாராம். வாரம் முடிவதற்குள் தாள் நடுவில் கிழிந்தது. இன்னொன்று ஒட்டினாள். அதுவும் கிழிந்தது. வெடி வைக்காத நாளிலும் கிழக்குப் பக்கத்திலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்த மச்சாண்டாரிடம் கிழிந்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள்.

"ஏனுங்க, கரை நகருதுங்க. அடியில நீங்க நிக்கறீங்க. சொன்னாக் கேளுங்க."

"காயிதம் காஞ்சா கிழியத்தான் புள்ள செய்யும். எங்கப்பன் வெட்டுன கெணறு என்னையக் கொல்லுமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் வினை. கோபப்படுகிறவரிடம் வாதாடலாம். நம்பிக்கொண்டு சிரிக்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது? என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார், வெடி வைக்கும் மேஸ்திரியே லேசாக முணுமுணுத்தார். எதுவும் ஏறவில்லை. அக்கா அன்று மாலை முழுக்க மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் போய், சரி, அம்மனையே கேட்டுவிடலாம் என்றாள். பூக் கேட்பதில் துளியும் நம்பிக்கை இல்லாதவள் அப்படிச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோசம். எனக்கு மட்டும் ஏனோ உள்ளே உறுத்தியது.

கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் பொட்டணம் மடித்தபோது பூக்கூடையைப் பிடித்துக்கொண்டு நான்தான் பக்கத்தில் இருந்தேன். முதல் சருகில் செவ்வரளியை வைத்தாள். இரண்டாவது சருகிலும் செவ்வரளியைத்தான் வைத்தாள். என் வாய் திறந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பூசாரியின் மகள் ஒன்றை எடுத்தாள். சிவப்பு. மச்சாண்டாரின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அம்மன் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் பேச்சில்லை. மறுநாளே வெடி ஆட்களை அனுப்பிவிட்டார். எடுக்காத பொட்டணத்தை அக்காவே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள்.

"புருசன் உசுரோட இருக்கோணும் அம்மணி. எப்படி இருந்தா என்ன?" என்றாள் என்னிடம், வரும் வழியில். நான் அவளை அன்று கும்பிடாத குறைதான். இவ்வளவு தெளிவான மனுசி உண்டா என்று நினைத்தேன்.

அதற்குப் பின் ஒரு பட்டப்பகலில், நாங்கள் நெல் புடைத்துக்கொண்டிருந்தபோது, தரை அதிர்ந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் புழுதி அடங்கவே இல்லை. கிழக்குக் கரை மொத்தமும் மோட்டார் ரூமோடு கிணற்றுக்குள் உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. மச்சாண்டார் அந்தப் புழுதிக்குள்ளேயே மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். ஊரே வந்து பார்த்துவிட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போனது. அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. கெட்டதற்கெல்லாம் ஆரம்பம் அந்த நிமிசம்தான் என்று அப்போது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அன்றிலிருந்து மச்சாண்டார் பூக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. மாடு வாங்குவதா, மஞ்சள் போடுவதா, பையனைச் சேலத்தில் படிக்கப் போடுவதா, எல்லாவற்றுக்கும் கோயிலுக்கு நடந்தார். மேற்கே புதுக் கிணறு வெட்டுவதற்கும் பூக் கேட்டார். வெள்ளை வந்தது, தண்ணீரும் வந்தது. கேட்க வேண்டுமா! கோயிலுக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டுக் கொடுத்தார். அக்கா ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்துத்தான் மடித்தாள். சின்னச் சின்ன விசயம், எது வந்தால் என்ன என்பாள். ஒருமுறை நான், "நெசத்தைச் சொல்லிப் போடலாமுங்க அக்கா," என்றேன். "எதுக்கு அம்மணி, நல்லாத்தான இருக்கறாரு," என்றாள். நல்லாத்தான் இருந்தார். நாங்களும் விட்டுவிட்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். சேலத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் கட்டி இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போட்டால் இல்லை என்றார். அக்கா வழக்கம்போல ஒன்று விடாமல் கேட்டாள். கடைசியில், ஆபரேஷன் பண்ணும்போதே ஏதாவது ஆகிவிடுமா என்றும் கேட்டாள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா, ஆனால் செய்யாமல் இருப்பதைவிடச் செய்வது நல்லது என்றார் டாக்டர். பதிலில் பிற்பாதிதான் முக்கியம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா முற்பாதியை மட்டும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

மச்சாண்டார் பூக் கேட்கலாம் என்றார். அவர் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதே வேப்பமரத்தடி, அதே பித்தளைத் தட்டு. நான் கூடையைப் பிடித்திருந்தேன். அக்கா முதல் சருகில் வெள்ளை அரளியை வைத்து மடித்தாள். இரண்டாவது சருகிலும் வெள்ளையை வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் நூலை எடுத்தாள், சுற்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பூசாரி மணியடிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது சருகைப் பிரித்து வெள்ளையை எடுத்துவிட்டுச் செவ்வரளியை வைத்தாள்.

"அக்கா," என்றேன்.

"நான் பாட்டுக்குப் போகச் சொல்லி, ஆப்பரேசன் மேசை மேலயே போயிட்டாருன்னா? நாந்தான கொன்னதாகும்? நெசமாவே அவ இருந்தா, அவளே சொல்லட்டும் அம்மணி."

இத்தனை வருசம் கழித்தும் நான் அந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறேன். கிணற்று விசயத்தில் அவளுக்குப் பயமில்லை, ஏனென்றால் வேண்டாம் என்று தடுப்பதில் தப்பு நேர்ந்தால் கொஞ்சம் தண்ணீர்தான் போகும். இங்கேயோ, ஆபரேஷனுக்குப் போ என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் அன்புதான் அவள் கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தது என்று நான் நினைத்திருந்தேன். அதே அன்பு அன்று பயமாக மாறி அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கணக்கு ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது.

குழந்தை எடுத்தது. சிவப்பு.

மச்சாண்டார் கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்போது அக்கா எழுந்து போய், யாரும் எதிர்பார்ப்பதற்கு முன்னால், அம்மன் காலடியில் கிடந்த இரண்டாவது பொட்டணத்தை எடுத்து நூலைப் பிய்த்துப் பிரித்தாள். உள்ளே இருந்த வெள்ளை அரளியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "பாருங்க, இதுவும் இங்கதான இருக்குது! அந்தப் புள்ள கை ஒரு விரக்கடை தள்ளிப் போயிருந்தா இதுதான வந்திருக்கும்! இதையும் அவதான குடுத்தா!" என்று கத்தினாள். கூட்டம் பின்வாங்கியது. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். பூசாரி அவள் கையிலிருந்த பூவைத் தொடவே பயந்தார். என் வீட்டுக்காரர்தான் அவளைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து மச்சாண்டாருக்கு நான் கஞ்சி கொண்டுபோனபோது அக்கா அவர் காலருகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கிணற்றுக்குப் பூக் கேட்டபோது இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்தேன், அம்மன் எதுவும் சொல்லவில்லை, தாள் கிழிந்தது, நான் சொன்னேன், அவ்வளவுதான் என்றாள். அவர் அமைதியாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவள் தலையைத் தடவினார்.

"ரெண்டுலயும் செவப்பு வெக்கோணும்னு உனக்கு ரோசனை குடுத்தது ஆரு? அவதான புள்ள. உன்ற கையில செய்ய வெச்சிருக்கறா. அன்னைக்கு அவ வாக்கு பலிச்சுதா இல்லியா? கெணறு உழுந்துச்சா இல்லியா? அந்த டாக்டரு வாக்கு பலிக்குமுன்னு நான் எதை வெச்சு நம்பறது?"

அக்கா அவர் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அவர் போட்டதும் கணக்குத்தான். ஒருமுறை பூவின் பேச்சைக் கேட்டார், உயிர் மிஞ்சியது. கண்ணால் பார்த்த சாட்சி அது. அந்தச் சாட்சியே பொய் என்று சொன்னால், சொல்கிறவளின் பதற்றம்தான் அவருக்குத் தெரிந்தது. மனசு போன போக்கில் போகிறவர் என்று நாங்கள் எல்லோரும் சிரித்த மனுசன், அன்றைக்கு அந்த வீட்டிலேயே நிதானமாக யோசித்தவர். அவர் கையில் இருந்த ஆதாரம் மட்டும் பொய். அதைக் கொடுத்தது அவர்மேல் உயிரையே வைத்திருந்தவள்.

அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை. அவள் இரண்டாவது பொட்டணத்தைப் பிரித்ததால்தான் அம்மன் கோபித்துக்கொண்டாள் என்று ஊர் பேசியது. எழவுக்கு வந்தவர்களே அவள் காதில் விழப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியிடம் சண்டைக்கே போய்விட்டேன். அதன் பிறகு அக்கா பூத் தட்டைத் தொடவே இல்லை. மடிக்கிற வேலை எனக்கு வந்தது. நான் எப்போதும் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு வைத்து, எதையும் யோசிக்காமல் மடித்துவிடுவேன். அவளுக்கு இருந்த அறிவும் எனக்கில்லை, தைரியமும் எனக்கில்லை. சில வருசத்துக்கு முன்னால் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது தட்டு என் மருமகள் கையில். போன மாதம் என் மகனுக்காகப் பூக் கேட்டோம். இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்ச் சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்று. அவனுக்கு மனசே இல்லை. மருமகள் எல்லாவற்றையும் விசாரித்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, போகத்தான் வேண்டும் என்று நின்றாள். வெள்ளை வந்தது. மகன் முகம் தெளிந்துவிட்டது. அம்மன் சொல்லிவிட்டாள், இனி எனக்கு யோசனை இல்லை என்றான். இந்த வார்த்தையை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். மீதிப் பொட்டணத்தைக் கிணற்றில் போடுகிறேன் என்று நான் வாங்கிக்கொண்டு போனேன். போகிற வழியில், மரத்துக்குப் பின்னால் நின்று, பிரித்துப் பார்த்தேன்.

அதிலும் வெள்ளை அரளிதான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கோயில் படியில் நின்று மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அக்காவிடம் அன்று பார்த்த அதே நிம்மதி. நல்ல பெண். புருசன்மேல் உயிராக இருக்கிறாள். அவள் கணக்கு இந்தத் தடவை சரியாகத்தான் இருக்கும். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.