வெள்ளாற்றுப் பாலத்தில் நின்ற வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது இது. சிதம்பரத்தில் தங்கைக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகக் கடலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவளை அழைத்து வர வேண்டும். அவள் கணவர் வாடகைக் கார் சொல்லிவிடலாம் என்றார். "என் வண்டி இருக்கும்போது அது எதுக்கு மாப்ள?" என்று நான்தான் தடுத்தேன்.

அது ஒரு மினி எஸ்யூவி. வேண்டாம் என்றவர்களிடமெல்லாம் சண்டை போட்டு வாங்கினேன். அந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துபோனது. சர்வீஸுக்கு விட்டால் ஒவ்வொரு தடவையும் சென்சார் மாற்றியாச்சு, இனி வராது என்பார்கள். நானும் நம்பினேன். நம்பாவிட்டால் வாங்கியது தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. வீட்டில் மூச்சு விடவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, "மச்சான், வண்டி நல்லாத்தான இருக்கு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவருடைய அம்மா, "புள்ளத்தாச்சிய அனுப்பும்போது என்னாடா பேச்சு இது" என்று அதட்டினார். அந்த நேரத்தில் யாரும் அபசகுனமாகப் பேசக் கூடாது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. பதிலே சொல்லாமல் எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினேன்.

வெள்ளாற்றுப் பாலத்தின் நடுவில், மீட்டரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. எஞ்சின் நின்றது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சாவியை எத்தனை முறை திருகியும் உயிர் வரவில்லை. பின்னால் வருகிறவர்களை எச்சரிக்கும் ஹசார்ட் விளக்குகூட எரியவில்லை. பின்சீட்டில் தங்கை, கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு எங்கள் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே வந்தது.

லாரி கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பி உரசாத குறையாகக் கடந்தது. வண்டியே ஆடியது. தங்கை விழித்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அடுத்து வந்தது கடலூர் பஸ். டிரைவர் எங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, பாதையை மறித்தாற்போல் நிறுத்தினார். இறங்கி வந்து திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சார், வண்டிய அப்பறம் பாரு. மொதல்ல அந்தப் பொண்ண எறக்கு" என்றார். தங்கையையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றினோம். அதில் இருந்த ஒரு மீன்காரம்மா எழுந்து தன் சீட்டைக் கொடுத்து, தங்கையின் ஈரத் தலையை முந்தானையால் துடைத்தார். "பயப்படாத கண்ணு, ஊட்டுக்குப் போயிடலாம்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. நாலு பேர் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

வீடு வந்து சேர்ந்தோம் என்று அம்மா போன் செய்யும்வரை, மழையில் நனைந்தபடி அந்தப் பாலத்திலேயே நின்றேன்.

பிறகு வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவரிடம் நான்கு முறை நின்றதை மறைக்காமல் சொன்னேன். தங்கை மட்டும் இன்றும் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, "திடீர்னு நின்னுபோச்சு, பாவம் அண்ணன் என்னா பண்ணும்" என்று எல்லோரிடமும் எனக்காகப் பரிந்து பேசுகிறாள். முன்பின் தெரியாதவரிடம் சொல்ல முடிந்ததை, என்னை நம்பிப் பின்சீட்டில் தூங்கியவளிடம் சொல்ல எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.