நான் கேட்காத மன்னிப்பு

எட்டு வயதுப் பிள்ளையை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தனியாக நிறுத்திப் பேசவிட்ட ஆசிரியரைத் துணிச்சல்காரர் என்பதா, கோழை என்பதா? எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. இந்த வாரம் அந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எட்டு வயதானபோது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பா ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் தொழிற்சாலையை அங்கே ஷாப் என்பார்கள். பதனிட்டு முடித்த தோல்களை மேஜையில் விரித்து, அளந்து, ஓரத்தில் அளவை எழுதும் வேலை. சட்டை அழுக்காகாத வேலை என்று அம்மிக்கு, என் அம்மாவுக்கு, பெருமை.

பள்ளிக்கூடம் விட்டதும் தெருமுனை மதரஸாவுக்கு ஓடுவோம். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவரை எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கையில் பிரம்பு கிடையாது. அதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருந்தது. சேட்டை செய்தவளைக் கூப்பிட்டு, "நீ செஞ்ச தப்பு இன்னா? நீயே சொல்லு" என்பார். சொல்லி முடிக்கும்வரை விடமாட்டார். இரண்டு அடி அடித்து அனுப்பினால் எவ்வளவோ தேவலை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அந்த மாதம் எங்களுக்குப் பாடம், தண்ணீர். தொழுகைக்கு முன் முகமும் கைகாலும் கழுவி ஒளு செய்யும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அசுத்தம் கலந்து நிறமோ ருசியோ வாடையோ மாறிப்போனால் அது ஒளுவுக்கு ஆகாது. நிறம், ருசி, வாடை. கயிறு தாண்டும்போதுகூட அதையே சொல்லித் தாண்டினோம்.

அதே மாதம் மதரஸாவுக்குப் புதிதாக போர் போட்டுக் குழாய் வைத்தார்கள். உபயம், அப்பாவின் முதலாளி. மதரஸா கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். திறப்பு விழாவுக்கு ஜிகினாத் தோரணம், மைக், பின்கட்டில் பிரியாணி தம். முதலாளி பிஸ்மி சொல்லிக் குழாயைத் திறந்தார். தண்ணீர் லேசான மஞ்சளாக வந்தது. கூடவே ஷாப் கழிவின் வாடையும் வந்தது. அது எங்களுக்குப் பழகிய வாடை, எந்த ஆம்பூர்ப் பிள்ளையும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடும். பெரியவர்களுக்கு மட்டும் அன்று யாருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை.

முதலாளி சந்தோஷமாக இருந்தார். முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்து, "இன்னா பேட்டா, நல்லா படிக்கிறியா? ஒளுத் தண்ணி எப்டி இருக்கணும், சொல்லு பாப்போம்" என்று மைக்கை நீட்டினார்.

எழுந்து மூன்றையும் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பாடம் அங்கே முடியவில்லையே.

"இந்தத் தண்ணி மஞ்சளா இருக்குது. ஷாப் வாடை வருது. இதுல ஒளு செய்யக்கூடாது" என்றேன். மைக் நன்றாக வேலை செய்தது.

அன்று வீட்டில் யாரும் பிரியாணியைப் பற்றிப் பேசவில்லை. "முதலாளி போட்ட தண்ணியில முதலாளி மூஞ்சியவே கழுவி விட்டுட்டா உன் பொண்ணு" என்று பெரியப்பா வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். அம்மி எனக்கு வாய் ஜாஸ்தி என்றார். வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் நான் மாஃப், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் அப்பா என்னோடு மதரஸா வாசல்வரை வந்தார். ஆபாவை நிமிர்ந்து பார்க்காமல், "இவளுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுங்கம்மா. நான் அங்க வேலை செய்றவன்" என்றார்.

"சரி பாய். சொல்லித் தர்றேன்" என்றார் ஆபா.

அந்தச் 'சரி'யை என்னால் தாங்க முடியவில்லை. நிறம், ருசி, வாடை என்று சொல்லிக்கொடுத்த அதே வாய்தானே? இரண்டு நாள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓதினேன். ஸலாமுக்கு மட்டும் பதில் சொன்னேன், அது கடமை என்பதால்.

வியாழக்கிழமை எல்லோரும் போனபின் என்னை நிறுத்திவைத்தார். "அல்லாஹ்கிட்ட தவ்பா கேட்டாலும், மனுசங்ககிட்ட மாஃப் கேட்டாலும் அதுக்கு ஒரு முறை இருக்குது. மொதல்ல செஞ்ச தப்பு எதுன்னு தெரியணும். அதுக்காக மனசார வருத்தப்படணும். இனிமே செய்ய மாட்டேன்னு உறுதியா நெனைக்கணும். தப்பு எதுன்னே தெரியாம கேட்டா, அது வெறும் பொய்."

"அப்போ என் தப்பு இன்னா ஆபா?"

அவர் என் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தார். குத்தப்போன ஊக்கை இரண்டு தடவை தவறவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "தெரியலேன்னா அவங்களையே கேளு. மரியாதையா கேளு. குரல ஒசத்தாத" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆறு நாற்காலிகளில் ஆறு பெரியவர்கள். அப்பா செருப்பு விடும் இடத்திலேயே நின்றுவிட்டார். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஆபா. நான் ஸலாம் சொன்னேன்.

"மாஃப் கேக்க வந்திருக்கேன். தப்பு எதுன்னு தெரியாம கேட்டா அது பொய்யாயிடும்னு ஆபா சொல்லிக் குடுத்தாங்க. என் தப்பு இன்னான்னு நீங்க சொல்லுங்க. ஒடனே கேட்டுடறேன்."

ஒருவர், "பெரியவங்கள எதிர்த்துப் பேசினது" என்றார்.

"எதிர்த்துப் பேசல. கேள்வி கேட்டாங்க, பதில் சொன்னேன்."

"அத்தன பேர் முன்னாடி சொல்லலாமா?" என்றார் இன்னொருவர்.

"அத்தன பேர் முன்னாடிதான் கேட்டாங்க."

மூன்றாமவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். நான் உண்மையாகவே காத்திருந்தேன். யாராவது சொல்லிவிட்டால் மாஃப் கேட்டுவிட்டு விளையாடப் போகலாம். கடைசியில் முதலாளிதான், "போ பேட்டா. வீட்டுக்குப் போ" என்றார். திரை அசையவே இல்லை.

பெருநாள் சட்டை போட்டவளைப் போலத் தெருவில் நடந்தேன். ஒரு மாதத்தில் அந்தக் குழாயைச் சாக்கு சுற்றிக் கட்டிவிட்டார்கள். ஒளுவுக்கு டெம்போவில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன். ரமலான் விடுமுறைக்குப் பிறகு ஆபா வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார்கள். நம்பினேன்.

அந்த வருடம் அப்பாவின் கைகள் வெளுத்து வெடித்தன. பனிக்காலம் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் அவர் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். தடவும்போது நிறம், ருசி, வாடை என்று பாடுவேன். எரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டிருப்பார்.

என் மகள் பிறந்தபோதுதான் அம்மி சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரமே அப்பாவை அளவு மேஜையிலிருந்து எடுத்துச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பிவிட்டார்களாம். பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் போட்டுப் புரட்டுகிற வேலை. நான்கு வருடம் அங்கேயே இருந்தார். ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை. வாயை அடக்கு என்றும் சொல்லவில்லை.

ஆபா ஏன் ஊக்கைத் தவறவிட்டார் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அவருக்கு விளைவு தெரிந்திருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுப்பவரிடம் பிள்ளை ஓர் அமானிதம், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு என்று நம்பி வளர்ந்தவர் அவர். என் நாக்கில் ஒரு பொய் ஏறாமல் காப்பாற்றினார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரையை விலக்கி, "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அப்பாவின் கைகள் தப்பித்திருக்குமோ? இல்லை, அப்படிச் சொல்லியிருந்தால் என் நேர்மை எனக்குச் சொந்தமாகாமல் அவருடையதாகவே இருந்திருக்குமோ? ஒரு நாள் ஒரு பக்கமும் மறுநாள் மறு பக்கமும் சாய்கிறேன்.

இப்போது வேலூரில் இருக்கிறோம். என் மகள் இரண்டாம் வகுப்பு. இந்த வாரம் அவள் பள்ளிக்கு வந்த விருந்தினர், "தினமும் விளையாட விடுறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவள் எழுந்து, "ஆமான்னு சொல்லணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. ஆனா விட மாட்டாங்க" என்றிருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு ஸாரிதானே, சொல்லிவிட்டு வரட்டும் என்கிறார் கணவர். வீட்டில் பொய் சொல்லாதே என்று நான் கண்டித்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன்.

நேற்று அவள் கேட்டாள், "அம்மி, என் தப்பு இன்னா?" நான் அவள் சட்டைக் காலரைச் சரிசெய்தேன். மேல் பொத்தான் இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். அந்த ஸாரியை நான் அவளுக்குச் சொல்லித்தர மாட்டேன். தப்பு எதுவென்று மரியாதையாகக் கேட்கத்தான் சொல்லித்தருவேன். பதில் அவர்கள் சொல்லட்டும். தெரியாதது இதுதான்: அவளைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலில் நிற்பதா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போய் வகுப்பு முன்னால் நிற்பதா? பிள்ளை வளர்த்தவர்களும், பாடம் நடத்துகிறவர்களும் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் சொன்னால் நல்லது.