ஆற்றில் விட்ட துணிக்கு வடிவு பொறுப்பு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என் வீட்டுக்காரி ஷம்ஸியாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள். அப்படிப்பட்ட நான் ஒரு ஆடி அமாவாசையன்று, கண் முன்னால் சண்டை நடக்க, வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். நின்றது சுடலைவடிவுக்காக. அவளைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது.

நான் நூகு. தாமிரபரணிக் கரையில் இருக்கிற எங்கள் ஊரின் குப்பை லாரியை ஓட்டுகிறவன். வடிவு அதே ஊரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். ஒல்லி உடம்பு. குரல் மட்டும் அக்கரைக்குக் கேட்கும்.

எங்கள் படித்துறைக்குப் பரிகாரம் செய்ய எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு, புதுத்துணி கட்டிக்கொண்டு படியேறிப் போய்விடுவார்கள். துணியோடு தோஷமும் போய்விடும் என்று நம்பிக்கை. தோஷம் போகுமோ என்னவோ, துணி எங்கேயும் போகாது. அடுத்த வளைவில் பாறையில் சிக்கி மணலுக்குள் புதைந்து கிடக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை எந்திரம் விட்டு அள்ளுவார்கள். கறுத்து நாறிப்போன அந்தச் சேற்றுத் துணியைச் சூளையில் எரிக்கச் சிமென்ட் ஆலைக்காரன் வாங்கமாட்டான். வேஸ்ட் துணி வியாபாரி கிட்டேயே வரமாட்டான். வேறென்ன செய்ய? குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுவோம்.

கிடங்கை ஒட்டிய தெருவில்தான் வடிவின் வீடு. சித்திரை வெயிலில் கிடங்கு தானாகவே புகைய ஆரம்பிக்கும். இலை தழை எரிகிற புகை கண்ணைத்தான் கரிக்கும். பாலியஸ்டர் சேலை எரிகிற புகை நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வடிவின் புருஷன் கொம்பையாவுக்கு மூச்சிளைப்பு. வருஷா வருஷம் சித்திரையில் அவனை என் லாரியில்தான் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவோம். போன தடவை டாக்டர் வடிவைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு சித்திரைப் புகையை இந்த நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார்.

"வேற ஊருக்குக் குடி போயிர வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"போற எடத்துலயும் கிடங்கு இருக்கும் அண்ணாச்சி. நமக்கு எங்கன வீடு கிடைக்கும்? அதுக்குப் பக்கத்துலதான் கிடைக்கும். துணி கிடங்குக்கு வராமப் பண்ணணும். அதுக்கு வழி சொல்லும்" என்றாள்.

வழியையும் அவளே சொன்னாள். துணி மணலுக்குள் போவதற்கு முன்னாலேயே எடுத்துக் காயப்போட்டால் பருத்தியைத் தனியாகப் பிரிக்கலாம். தச்சநல்லூரில் இருக்கிற வியாபாரி ஒர்க்‌ஷாப்புகளுக்கு எண்ணெய் துடைக்க வாங்கிக்கொள்வார். மிச்சம் சிமென்ட் ஆலைச் சூளைக்கு. எங்கள் சுகாதார ஆய்வாளர் பிரிஸில்லா அம்மாவுக்கு இது பிடித்துப்போய், படித்துறையில் பெரிய பெரிய தொட்டிகள் வைத்து, 'துணிகளை இங்கே போடவும்' என்று எழுதியும் போட்டார். ஒருத்தன் போடவில்லையே! சனியனைக் கழிக்க வந்தவன் அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியிலா போடுவான்? தண்ணீரோடு போனால்தான் அவனுக்கு மனசு ஆறும்.

"ஆடி அமாவாசை வரைக்கும் பாப்போம் வடிவு. அன்னைக்கும் துணி ஆத்தோட போச்சுன்னா, ஆலைக்கு அனுப்புற ஏற்பாட்ட மேலதிகாரிங்க நிறுத்திருவாங்க. பொறவு பழையபடி கிடங்குதான்" என்றார் பிரிஸில்லா அம்மா. வடிவுக்கு முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் காலையில் அவள் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் படித்துறையிலேயே உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து லாரிக்கு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, துணிய விட்டுட்டுப் போறவுக யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கல்லா! பாத்தா விட்டது கூடவே வந்துருமாம். பொறவு எனக்கு என்ன பயம்?"

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் சுபஹானல்லாஹ் என்றேன். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக் கம்பு ஒன்றை வீட்டிலிருந்து தூக்கிவந்தாள். படித்துறைக்குக் கொஞ்சம் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டாள். மேலே துணியை விட்டவர் முதுகைக் காட்டிப் படியேறும்போது, கீழே இவள் கொக்கியில் மாட்டிக் கரைக்கு வீசிவிடுவாள். விட்டவருக்கும் திருப்தி, எடுத்தவளுக்கும் திருப்தி.

கூட வேலை செய்கிற சண்முகசுந்தரிதான் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். "ஊரான் பீடைய நாம சுமக்கணுமாக்கும்?"

"ஏட்டி, தாமிரவருணி கழுவாத பீடையா? ஆத்தாளுக்குக் கழுவத் தெரியாதுன்னா அவுக எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வாராக?" என்றாள் வடிவு. சண்முகசுந்தரி துணி காயப்போடக் கொடிக்கயிறு கட்டப் போனாள்.

ஆடி அமாவாசை வந்தது. படித்துறையில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். வடிவும் சளைக்கவில்லை. சேலை, வேட்டி, பனியன் என்று கரையில் மலையாகக் குவிந்துகொண்டிருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வெளியூர்க்காரர் ஒருவர், புதுச் சரிகை வேட்டி கட்டிப் படியேறிக்கொண்டிருந்தவர், பாதியில் நின்று திரும்பினார். அவர் விட்ட சட்டை வடிவின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏய்! என் சனியன விட்டுட்டு வாரேன், அதக் கொக்கி போட்டு இழுக்கியே! தண்ணியில போடு அத!"

கூட்டம் அப்படியே நின்றது. துணியை விடக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முணுமுணுப்பு ஆரம்பமாயிற்று. அந்த ஒரு சட்டையைத் தண்ணீரில் போட்டால் எல்லாரும் தங்கள் துணியைப் போடச் சொல்லுவார்கள், அன்றோடு எல்லாம் முடிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. லாரியிலிருந்து குதித்தேன். பிரிஸில்லா அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"சும்மா இருங்க பாய். நான் சர்ச்சுக்காரி, நீங்க பள்ளிவாசல்காரரு. நாம ரெண்டு பேரும் இங்கன வாயத் தொறந்தா அது வேற சண்டையாயிரும்."

நியாயம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிரிஸில்லா அம்மாவே, "வடிவு, போட்டுரும்மா" என்றார்.

வடிவு போடவில்லை. சட்டையைத் தொங்கவிட்டபடியே கேட்டாள். "அண்ணாச்சி, நீங்க ஏன் திரும்பிப் பாத்திய?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்க விட்டது சனியனையா சட்டையையா? சனியன்னா அது ஆத்தோட போயிட்டு. நான் புடிக்கல. சட்டைன்னா அது குப்பை. குப்பை என் வேலை." இவ்வளவு நேரம் கணீரென்று இருந்த குரல் இங்கே உடைந்தது. "இதெல்லாம் எங்க தெருவுலதான் அண்ணாச்சி எரியுது. எங்க வீட்டுக்காரரு நெஞ்சுல ஏறுது. உங்க பீடை கழியணும்னு அவரு மூச்ச எடுக்கலாமா? இது எந்தச் சாமிக்கு அடுக்கும்?"

சரிகை வேட்டிக்காரர், பக்கத்தில் தர்ப்பணம் செய்துவைத்துக்கொண்டிருந்த ஐயரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஐயருக்கோ வரிசையில் ஆட்கள் காத்திருக்கிற அவசரம்.

"அந்தம்மா எடுக்கறதுல தோஷம் ஒண்ணும் இல்லை. திரும்பிப் பார்த்தது நீங்கதானே? மறுபடி முங்குங்கோ. கட்டியிருக்கறதையும் விட்டுடுங்கோ."

மாற்றுத் துணி வேட்டிக்காரரிடம் ஏது? புதுச் சரிகை வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்தார். துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு முங்கினார். வேட்டியைத் தண்ணீரில் விட்டார். "நல்லாப் புடிச்சுக்கம்மா" என்று தலையைக் குனிந்தபடி வடிவிடம் சொல்லிவிட்டு, கழுத்தில் சுளுக்கு விழுந்தவர் மாதிரி விறைப்பாகப் படியேறிப் போனார். அதற்குப் பிறகு அன்றைக்கு ஒருவரும் திரும்பவில்லை. சில பெண்கள் ஆற்றில் நனைத்த சேலையை நேராக வடிவின் பக்கமே தள்ளிவிட்டார்கள்.

என் லாரி அன்று கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏற்பாடு நின்றுபோகவும் இல்லை. கீழ்ப் படித்துறைகளிலும் இப்போது தொரட்டிக் கம்போடு பெண்கள் நிற்கிறார்கள். எல்லாம் எங்கள் வடிவு போய்ப் பழக்கிவிட்டதுதான். மழைக்காலம் முடிந்ததும், கிடங்கில் கிடந்த பழைய மலையையும் எந்திரம் வைத்துச் சலித்து, மண் உதிர்ந்து காய்ந்த துணியைச் சூளைக்கு அனுப்பி, மண்ணைப் பள்ளத்தில் நிரப்பினார்கள். எங்க ஊர்ப் பொம்பளை வே என்று போகிற இடமெல்லாம் நான் சொல்லிக்கொள்கிறேன். சொன்னால் என்ன தப்பு?

சித்திரை வந்தது. ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று பழக்கதோஷத்தில் லாரியைத் தயாராகவே வைத்திருந்தேன். ஒரு நாள் காலை படித்துறையில் துணி ஏற்றிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு ஆள் பைய நடந்து வருவதைப் பார்த்தேன். கொம்பையா! வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தையும் தன் காலால் நடந்து வந்திருக்கிறான். படியில் நின்று மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

வடிவு அவனைக் கண்டதும் தொரட்டிக் கம்பைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கரையேறி ஓடினாள்.

"ஒம்மள யாரு வே வெயிலுல நடந்து வரச் சொன்னா? அறிவு இருக்கா ஒமக்கு?"

படித்துறையே வேடிக்கை பார்க்க அவனை ஏசினாள். ஏசிக்கொண்டே, ஈரக்கையை அவன் நெஞ்சில் வைத்தபடி, ஓவென்று அழுதாள்.