எதிரிக் கப்பலில் மேவிஸ் ஸ்கெல்டன்

எங்கள் ஊரில் போர் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சரியாக மூன்று மணிக்கு நடக்கும். மழை வந்தால் நடக்காது. கோடை முடிந்தால் அடுத்த கோடைவரை சமாதானம்.

ஸ்கார்விக் துறைமுகத்துக்கு வருகிறவர்கள் முதலில் கோட்டைக்கு ஏறுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். பிறகு மணலில் கழுதைச் சவாரி, விசைப்படகில் விரிகுடாவை ஒரு சுற்று, கடற்காகங்கள் பிடுங்கியது போக மிஞ்சிய மீன் வறுவல். இதெல்லாம் பக்கத்து ஊர்களிலும் கிடைக்கும். பூங்கா ஏரியில் கப்பல் சண்டை பார்க்க வேண்டுமென்றால் எங்களிடம்தான் வர வேண்டும். முப்பத்தொரு வருடம் அந்தப் பூங்கா வாசலில் டிக்கெட் கிழித்தவன் நான். எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல்கள் பலகையும் தகரமும் கொண்டு செய்தவை. ஒவ்வொன்றும் இருபதடி நீளம். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நகராட்சித் தோட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்து சைக்கிள் போல மிதித்துக்கொண்டிருப்பார். காலையில் புல் வெட்டியவர் மூன்று மணிக்குக் கடற்படைத் தளபதி. உள்ளே ஆள் இருப்பது கரையில் இருப்பவர்களுக்குத் தெரியவே கூடாது. தலையை வெளியே நீட்டியவருக்கு அந்தக் கோடை முழுக்கப் புல்வெட்டும் இயந்திரம்தான் கப்பல்.

நம் பக்கம் நான்கு கப்பல்கள். எதிரிக்கு ஒன்றே ஒன்று. தொழிலாளிகள் அதை ‘அடுப்பு’ என்பார்கள். கறுப்புச் சாயம் பூசியதால் வெயிலில் உள்ளே வெந்துவிடும். சண்டை முடிவில் அது மூழ்க வேண்டும். ஏரியின் ஆழம் பெரும்பாலும் மார்பளவு. தீவுக்குப் பின்னால் மட்டும் கல் பரப்பிய மேடு ஒன்று உண்டு. அங்கே போய் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கப்பலின் பக்கவாட்டுத் தொட்டிகளில் தண்ணீர் ஏறும்; கப்பல் சாய்ந்து மேட்டில் உட்காரும். உள்ளே இருப்பவர் இடுப்புவரை நனைந்தபடி, கூட்டம் கலையும்வரை அரை மணி நேரம் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். அதனால் புதிதாக வருகிறவர் தலையில்தான் அடுப்பைக் கட்டுவார்கள்.

அந்த அடுப்புக்கு ஆசைப்பட்டவள் மேவிஸ்.

அவள் பூப்பாத்திக்காரி. பதினொரு வருடமாக ஏரிக்கரைப் பாத்திகள் அவள் பொறுப்பு. பிறந்தது துறைமுகத்துச் சந்தில், மீனவர் வீட்டில். ஒன்பது வயதிலிருந்து அப்பாவின் தூண்டில் கயிறுகளுக்குச் சிப்பிச் சதை மாட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு கயிற்றுக்கு இருநூற்று நாற்பது முள். பனிக்காலத்தில் விரல் மரத்துப்போய், முள் குத்தியதுகூடத் தெரியாதாம். அத்தனை மாட்டிக் கொடுத்தவளை அப்பா ஒரு நாளும் படகில் ஏற்றவில்லை. எங்கள் கரையில் பெண் ஏறிய படகுக்கு மீன் வராது என்பார்கள். மாட்டிக் கொடுத்த கையைக் கண்டு ஓடாத மீன், காலைக் கண்டு மட்டும் ஓடுமாக்கும். எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் மேவிஸ் தலைமைத் தோட்டக்காரர் எல்லர்பியிடம் போய் நிற்பாள். கெட்ட மனிதர் அல்ல எல்லர்பி. புதிதாக எதுவும் நடந்துவிடக் கூடாது என்று ஏங்குகிற மனிதர், அவ்வளவுதான். ஒரு வருடம், பெண்கள் உடை மாற்ற இடமில்லை என்றார். அடுத்த வருடம், வேட்டுச் சத்தத்துக்குப் பயந்துவிடுவாள் என்றார். மூன்றாம் வருடம், இருக்கை ஆண்களுக்கு அளவெடுத்துச் செய்தது, அவளுக்குப் பொருந்தாது என்றார். மேவிஸ் பாத்திக்கு வரி பிடிக்கும் கயிற்றை எடுத்து வந்து, இருக்கையை அளந்தாள், தன் இடுப்பை அளந்தாள். அப்புறம் நம் பக்கத்துத் தலைமைக் கப்பலான கொடிக்கப்பலை ஓட்டும் லென் பவ்டனைக் கூப்பிட்டு, அவர் தொப்பையைச் சுற்றிக் கயிற்றைப் போட்டாள். கயிறு போதவில்லை. கப்பல் கொட்டகையே சிரித்தது. லென்னும் சிரித்தார், ஆனால் அதை மறக்கவில்லை.

“மேவிஸ் கண்ணு, கப்பலுக்குள்ள பூத்தொட்டி வைக்க இடம் இல்ல, தெரியுமில்ல?” என்பார் பார்க்கும்போதெல்லாம்.

“உங்க தொப்பையை வெச்சுட்டு வந்தீங்கன்னா ரெண்டு தொட்டி வைக்கலாம், லென்,” என்பாள் அவள்.

எழுபத்து நான்காம் வருடம் ஆகஸ்டில் அவளுக்கு வழி பிறந்தது. அடுப்பை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் வெள்ளிக்கிழமை ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மறுநாள் சனி, நீண்ட விடுமுறையின் முதல் நாள், இரண்டாயிரம் பேர் வருவார்கள். அந்த வெயிலில் அடுப்புக்குள் இறங்க ஒருத்தரும் முன்வரவில்லை. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மாமியார். கடைசியில் எல்லர்பி பாத்தியருகே வந்து தொப்பியைக் கழற்றினார்.

“நாளைக்கு ஒரு நாள், மிஸஸ் ஸ்கெல்டன். சின்னத் தப்பு நடந்தாலும் சரி, அதோட விட்டுடணும். இனிமே கப்பல்ங்கிற பேச்சே உங்க வாயில வரக்கூடாது. சம்மதமா?”

மேவிஸ் சம்மதித்தாள். அன்று சாயங்காலம் வாசலைக் கடக்கும்போது என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, நாளைக்குச் சொதப்பினால் செத்தே போவேன் என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கப்பலுக்குள் இருப்பவருக்கு முன்னால் ஒரு சாண் நீளப் பிளவு. அதன் வழியே தெரிவதுதான் உலகம். மற்றதெல்லாம் காதுதான். ஏரி நடுவே மிதக்கும் மேடையில் ஆர்கன் வாசிப்பார்கள். முதல் மெட்டுக்குக் கப்பல்கள் வெளியே வரும், இரண்டாவதற்குச் சண்டை, அது முடிந்து முரசு அதிர்ந்ததும் எதிரி மூழ்க வேண்டும். மூன்றாவது, வெற்றி அணிவகுப்பு. அதைக் கேட்டதும் மிதக்கிற கப்பல் எல்லாம் கொட்டகைக்குத் திரும்ப வேண்டும். கேள்வியே கிடையாது. எங்கள் ஆட்களுக்கு அது காதிலிருந்து நேராகக் காலுக்கு இறங்கிவிடும். நடுவில் மூளைக்கு வேலையில்லை.

அன்றைக்கென்று வழக்கமாக ஆர்கன் வாசிப்பவருக்குப் பல்வலி. தேவாலயத்திலிருந்து மிஸ் கேட்டன்பி என்ற அம்மாளை அழைத்து வந்திருந்தார்கள். நல்ல கை அவருக்கு. பக்கத்தில் வேட்டு வெடிக்கும் என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கரையில் எள் விழ இடமில்லை. நான் வாசலைப் பூட்டிவிட்டு ஓடி வந்து நின்றேன். அடுப்பு தீவைச் சுற்றி வெளியே வந்தது. கோணாமல், தடுமாறாமல், ஏதோ பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் கிடந்ததுபோல வந்தது. சண்டை தொடங்கியது. லென்னின் கொடிக்கப்பல் முதல் வேட்டை வெடித்தது. மிஸ் கேட்டன்பி இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி, கையோடு இசைப் புத்தகத்தில் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். சண்டை மெட்டு பாதியில் நின்றது. வெற்றி அணிவகுப்பு கிளம்பியது.

நம் கப்பல்கள் நான்கும் உடனே முதுகைக் காட்டின. ஒருவரை ஒருவர் பின்பற்றி, மார்பை நிமிர்த்திக்கொண்டு கொட்டகையை நோக்கி வரிசையாகப் புறப்பட்டன. எதிரி ஒரு கீறல்கூட இல்லாமல் ஏரி நடுவே நின்றது. கரையில் முதலில் முணுமுணுப்பு, பிறகு யாரோ சீட்டி அடித்தார்கள். எல்லர்பியின் முகம் பீட்ரூட் ஆனது.

மேவிஸ் எங்களிடம் பிற்பாடு சொன்னது இது. மெட்டு மாறியது அவளுக்கும் கேட்டது. திரும்பினால் அவள்மேல் தப்பில்லை. பழி ஆர்கன்காரம்மாவுக்குப் போகும். ஆனால் பதினொரு வருடமாக அவள் இந்தச் சண்டையைக் காதால் கேட்டவள் அல்ல, களை பிடுங்கிக்கொண்டே கரையிலிருந்து பார்த்தவள். எதிரி மூழ்காமல் கூட்டம் வீட்டுக்குப் போய் அவள் பார்த்ததில்லை.

அவள் மிதித்தாள். வெற்றி பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்த கடற்படையின் பின்னால் அடுப்பு துரத்திக்கொண்டு போனது. மிச்சமிருந்த வேட்டுகளை ஒவ்வொன்றாக வெடித்தது. கரை அலறியது. கடைசியாகப் போன கொடிக்கப்பலுக்குள் லென்னுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்கிறது, ஒன்றும் தெரியவில்லை. பொறுக்க முடியவில்லை அவருக்கு. புகைபோக்கி மூடியைத் தூக்கி, வழுக்கைத் தலையை நீட்டி, இரண்டாயிரம் பேர் பார்க்கத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பில் வாத்துகள்கூடப் பறந்துவிட்டன.

பதறிப்போய் உள்ளே இறங்கிய லென் என்ன நினைத்தாரோ, பின்பக்க வேட்டு ஒன்றை வெடித்தார். மேவிஸ் அதற்காகத்தான் காத்திருந்தாள். குண்டு பட்டதுபோலக் காட்டும் புகையைத் திறந்துவிட்டாள். ஆனால் தீவுக்குப் பின்னால் போக நேரமில்லை. கூட்டம் அதற்குள் கலைந்துவிடும். கப்பலைக் கரைப்பக்கம் திருப்பினாள். கரைப்பக்கம் மேடு கிடையாது, மூழ்கினால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கழுத்துவரை தண்ணீர் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லர்பி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நீர் ஐரிஸ் செடிகள் நிற்கும் இடத்துக்கு நேராக அடுப்பு வந்தது. ஒரு நொடி நின்றது. அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, சாய்ந்து, தண்ணீர் மேல்தளத்தைத் தொட்டதும் அசையாமல் உட்கார்ந்தது. கரையிலிருந்து பத்தடிதான். வருடா வருடம் இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டு அந்த ஐரிஸை நட்டவள் அவள். சேற்றுக்கடியில் எங்கே பாறை இருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்படி ஒரு கைத்தட்டலை அந்த ஏரி அதுவரை கேட்டதில்லை. மிஸ் கேட்டன்பி மூன்று தடவை வெற்றி அணிவகுப்பை வாசித்தார். மேவிஸ் ஐம்பது நிமிடம் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அன்று கலையவே மனமில்லாமல் நின்றது.

கொட்டகையில் அவள் சொட்டச் சொட்ட நின்றாள். எல்லர்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வெற்றி அணிவகுப்பு கேட்கவில்லையா என்று கேட்டார். கேட்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். வேட்டுச் சத்தத்தில் யார் நம்பாமல் இருப்பார்கள்?

“நல்லாக் கேட்டுச்சு,” என்றாள் மேவிஸ்.

“கேட்டும் திரும்பல. மெட்டு கேட்டா திரும்பணும். அது விதி. நேத்து நான் என்ன சொன்னேன்?”

“ஒரு தப்பு நடந்தா விட்டுடணும்னு சொன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லல.”

அவள் ஈரக் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அப்போது மூலையில் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்த லென் எழுந்தார்.

“தலையை வெளிய நீட்டுனது நான். இருக்கறதுலயே பெரிய தப்பு அதுதான். அவளைப் பாத்திக்கு அனுப்புறதா இருந்தா, முதல்ல எனக்குப் புல்வெட்டி மெஷினைக் குடுங்க, மிஸ்டர் எல்லர்பி. கொடிக்கப்பலை அவளே ஓட்டட்டும்.”

எல்லர்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். வேறு யாராவது ஒரு வழி சொல்ல மாட்டார்களா என்று பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

“சரி. கொடிக்கப்பல். மிஸஸ் ஸ்கெல்டன்.”

“கொடிக்கப்பல் எனக்கு வேண்டாம்,” என்றாள் மேவிஸ். பற்கள் குளிரில் தந்தியடித்தன, குரல் மட்டும் ஆடவில்லை. “ஜெயிக்கிற கப்பலு சும்மா நின்னாலே ஜெயிச்சுடும். தோக்குறதுக்குத்தான் ஓட்டத் தெரியணும். எனக்கு அடுப்பைக் குடுங்க.”

கொடுத்தார். பத்தொன்பது கோடைகள், வாரம் மூன்று நாள், அவள் அங்கே தோற்றாள். ஒரு தடவைகூட, தோற்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளித் தோற்றதில்லை.