காடையும் காடையரும்

எங்கடை ஊரில் சண்டியன் வேறு, காடையர் வேறு. சண்டியனுக்கு ஒரு வீடு இருக்கும், வாசலில் நின்று ஏச ஒரு தாய் இருப்பா. தேத்தண்ணிக் கடையில் கண்டால் "என்ன அண்ணை, சுகமோ?" என்று நாங்களும் பல்லைக் காட்டுவோம். காடையருக்கு முகமே இல்லை. அந்தச் சொல்லை ஒருமையில் ஆரும் சொல்லி நான் கேட்டது அபூர்வம். கூட்டமாக வருவார்கள், கொளுத்துவார்கள், போவார்கள். என் சின்ன வயதில் அந்தச் சொல் ஒழுங்கைக்குள் வந்தால் கதவுகள் வரிசையாகச் சாத்துப்படும். இப்போது வாளோடு மோட்டார் சைக்கிளில் வந்து கேற்றை உடைக்கிறவர்களுக்கும் பேப்பர்காரர் அதையே போடுகிறார்கள்.

போன மாசம் நல்லூரில் சலூன் கதிரையில் இருந்து அப்படியொரு செய்தியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்னம் வழிச்சாச்சு, மற்றதில் நுரை. பக்கத்து வீட்டு அக்கா போன் எடுத்தா.

"தம்பி, கெதியா வாங்கோ! உங்கடை வளவுக்குள்ளை காடையள் பூந்திட்டுதுகள். உங்கடை மனுசி தனிய நிண்டு போராடுறா!"

கட்.

கடைசி எழுத்து ளகரமோ ரகரமோ என்று ஆராய எனக்கேது நேரம்? 'பூந்திட்டுதுகள்' என்று அக்கா சொன்னதுகூடச் சந்தேகம் தரவில்லை. அந்த ஆட்களை நாங்கள் எப்போதும் அஃறிணையில்தானே கதைப்போம்.

கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு சைக்கிளை மிதித்தேன். என்ரை வீரம் எங்கள் ஒழுங்கை முடக்கு வரைக்கும்தான். கேற்றைக் கண்டதும் கால் இரண்டும் என்னைக் கேளாமலே நின்றுவிட்டன. உள்ளே மனுசி, வெளியே நான். வாய் மட்டும் வேலை செய்தது.

"ஐயோ, காடையர்! காடையர்!"

கதவுகள் சாத்துப்படப் போகுது என்று நினைத்தேன். திறந்தன! ஓய்வுபெற்ற வாத்தியார் குடையோடு வந்தார். முன்வீட்டுப் பிள்ளை முழங்கை வரை சவர்க்கார நுரையோடு தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலில் பிளாஸ்டர் போட்டிருந்த அண்ணை ஊன்றுகோலை ஓங்கியபடி ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி வந்து, என்னைத் தாண்டிப் போய்க் கேற்றைத் தள்ளினார். எல்லாருக்கும் பின்னால் வீட்டுக்காரனான நான் போனேன்.

மனுசி கத்தரிப் பாத்திக்குள் முழந்தாளிட்டு, துவாயால் எதையோ அமுக்கிக்கொண்டிருந்தா. "சத்தம் போடாதேங்கோ, இன்னும் ரெண்டு கிடக்கு."

அக்கா முட்டைக்கென்று புதிதாக வாங்கிய காடைகள். கூடு திறபட்டு, மதில் ஓட்டையால் எங்கள் பக்கம் வந்திருக்கின்றன.

ஒழுங்கையே சிரித்தது. "உந்தச் சீலையைக் கழுத்திலை கட்டிக்கொண்டு ஆரை வெட்ட வந்தனீங்கள்?" என்று மனுசி. "உமக்கு ஆனா ஆவன்னா படிப்பிச்சது ஆர் காணும்?" என்று வாத்தியார்.

பிளாஸ்டர் அண்ணைக்கு மூச்சு இரைத்தது. "குறை நினையாதேங்கோ அண்ணை, மெய்யாவே வாள்காரர் எண்டு நினைச்சிட்டன்" என்றேன்.

"நாங்களும் அப்பிடி நினைச்சுத்தானே வந்தனாங்கள்."

அவர் கெந்திக் கெந்தித் தன் வீட்டு வாசலுக்கு ஏறும்வரை, கேற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.