மேஸ்திரி வீட்டுக் கறுப்பு கிரவுட்

என் சின்னக்காவின் கணவரை ஊரே ‘இடுக்கு மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடும். டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடுக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் எனக்குத் தெரிந்து மாமா ஒருவர்தான். கல்யாணப் பேச்சுக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தலை நிமிராமலே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு அடக்கமான பிள்ளையா என்று அப்பா பூரித்துப் போனார். கிளம்பும்போதுதான் மாமா வாயைத் திறந்தார்: "உங்க ஹால்ல பதினாலு ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கு."

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். மாமா அனுப்பும் வாடிக்கையாளர்கள் என் கடைக்கு வரும்போதே பாதி உயிரோடுதான் வருவார்கள். வெளியே போடுகிற போர்சலைன் டைல்ஸ் என்றால் ஐந்து மில்லிமீட்டர் இடுக்கு விட்டே ஆக வேண்டும், வெயிலையும் மழையையும் தாங்குகிற கிரவுட் மாவால்தான் அதை அடைக்க வேண்டும், வெறும் சிமெண்ட் என்றால் விரிசல் விட்டுத் தண்ணீர் அடியில் இறங்கும் என்று பாடம் நடத்தியிருப்பார். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார். மீந்த டைலில் மூன்று நிற கிரவுட்டைப் பூசி, மூன்று நாள் காயவிட்டு, வீட்டுக்காரரிடம் கேட்ட பிறகே வேலையைத் தொடுவார். ஒரு டாக்டரம்மா, "நான் ஆபரேஷனுக்கே இவ்ளோ யோசிக்கிறதில்ல" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டின் பின்பக்கம் பதினொரு வருஷமாக வெறும் மண். மழை பெய்த மறுநாள் அக்கா செங்கல் மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போய்த் துணி காயப்போடுவாள். "அடுத்த மாசம்" என்பார் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னார். அக்கா சண்டை எதுவும் போடவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கக்கா வர்றா. அதுக்குள்ள முடிஞ்சா பாருங்க. இல்லேன்னா விடுங்க, இனிமே உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்றாள்.

பெரியக்கா எங்கள் குடும்பத்தின் இன்ஸ்பெக்டர். ஆனால் மாமா ஆடிப்போனது அதற்காக இல்லை. சின்னக்காவின் திட்டெல்லாம் அவருக்குப் பழகிப்போனது. எதுவுமே கேட்காத மனைவியோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமையே கடைக்கு வந்து, வழுக்காத சொரசொரப்பான வெளிர் சாம்பல் டைல்ஸை அள்ளிக்கொண்டு போனார். வியாழனுக்குள் ஒட்டி முடித்தார்.

சனிக்கிழமை கிரவுட்டுக்கு வந்தார். "கரிக்கறுப்பு குடு மாப்ள."

"அக்காகிட்ட கேட்டீங்களா மாமா? உங்க மூணு நாள் சட்டம் என்னாச்சு?"

"அதெல்லாம் கஸ்டமருக்கு. கல்யாணமான புதுசுலயே சொன்னாளே, கறுப்புன்னா அழுக்கு தெரியாதுன்னு."

அவள் அன்று சொன்னது அடுப்பு மேடையைப் பற்றி. எனக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஆனாலும் பையைத் தூக்கிக் கொடுத்தேன். மனுஷன் ஒரு தடவையாவது மாட்டட்டும் என்ற நல்லெண்ணம்தான். அரைநாள் லீவு போட்டு வேடிக்கை பார்க்கவும் போனேன்.

அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். உச்சி வெயில். மாமா மாவைக் குழைத்து, ரப்பர் பலகையால் இடுக்குகளில் அழுத்தித் தள்ளிக்கொண்டே போனார். கை எட்டுகிற தூரம் பூசு, உடனே ஈர ஸ்பாஞ்சால் துடை, அப்புறம் நகரு என்று மற்றவர்களை விரட்டுகிறவர், அன்று அவசரத்தில் மொத்தத்தையும் பூசிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். சொரசொரப்புக்குள் கறுப்பு இறங்கிக் காய்ந்து, தரை முழுக்க அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி கிடந்தது.

"ஆசிட் ஊத்தலாமா மாமா?" என்றேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"இன்னும் இறுகாத கிரவுட் அது. ஊத்தினா கறையோட அதுவும் சேந்து போயிடும். சும்மா இரு மாப்ள." சொல்லிக்கொண்டே காய்ந்த கறுப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அக்கா வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். உள்ளே போய் அதே சாம்பல் டைல் ஒன்றை எடுத்து வந்தாள். மாமா வேலைத்தளங்களிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த மிச்ச மாவில் மூன்று கோடுகள் இழுத்திருந்தாள்: கறுப்பு, பழுப்பு, சாம்பல். கறுப்பைச் சுற்றி மட்டும் கறை.

"டைல்ஸ் இறக்கின அன்னிக்கே பூசி வெச்சேன். வியாழக்கிழமையே மூணு நாள் ஆயிடுச்சு. நேத்து முழுக்க, வந்து கேப்பீங்கன்னு பாத்துட்டிருந்தேன். ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கறீங்கல்ல?"

மாமா நைலான் பிரஷ்ஷும் ஈரத்துணியுமாக மண்டியிட்டார். செய்த பாவத்துக்கு நான் வாளித் தண்ணீரை மாற்றி மாற்றிச் சுமந்தேன். நாலு மணிக்குத் தரை வெளுத்துவிட்டது. கதவோரம் ஒரே ஒரு டைல் மட்டும் மசியவில்லை.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அந்தக் கறைமேல் போட்டாள். "எங்கக்கா இதுல உக்காரட்டும். கிளம்பற வரைக்கும் எழுந்திருக்க விடாதீங்க."

மாமா சிரிக்கவில்லை. குனிந்தபடியே இடுக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ இனிமே எதுவும் கேக்க மாட்டியா?" என்றார் மெதுவாக.

அக்கா மாடியை அண்ணாந்து பார்த்தாள். "மொட்டை மாடிக்கு எப்பங்க போடுவீங்க?"

மாமா தரையிலிருந்து தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டார்.